மழை அப்பாவின் உபயம்

வீடியோ கேம் ஒன்றைச் செய்து முடிக்க நான்கு பேர் வேண்டும் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். நிரல் எழுத ஒருவர், படம் வரைய ஒருவர், இசைக்கு ஒருவர். இந்த மூவரும் சண்டை போட்டுக்கொண்டு ஓடிவிடாமல் வேலையை முடிக்க வைக்கவும் செலவைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு தயாரிப்பாளர். அப்போது என் கைவசம் இருந்தது முதல் ஆள் மட்டும்தான். அது நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், சிரம்பான் நகரத்தில் தெமியாங் பக்கம் ஒரு கணினிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடையில் விற்ற விளையாட்டுகளில் எல்லாரும் எல்லாரையும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் துப்பாக்கி தெரியாது, ரப்பர் மரத்துப் பால்வெட்டுத் தெரியும். அதனால் என் விளையாட்டில் ஒரு பெண் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மரத்துக்கு மரம் ஓடிப் பட்டையைக் கீறி வெட்டுவாள். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டுபோய் ஸ்டோரில் நிறுப்பாள். கடை முதலாளியான தவுக்கே சாப்பிடப் போகும் நேரத்தில் அவருடைய மிஷினில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வந்தேன். அவருக்கு அது தெரியும். தெரியாத மாதிரி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

சுவா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்று எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் அங்கே குடியிருந்தோம், அவ்வளவுதான். அப்பா கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே மரம் வெட்டியவர். அந்த வருடம் தோட்டத்து ஆபீசுக்குக் கணினி வரப்போகிறது என்றும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, தேவைப்படுகிறது என்றும் பெரிய கிராணி அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். உன் மகளையே போடலாம், கோயில் திருவிழா முடிந்ததும் பதில் சொல் என்றாராம். அப்பா அன்று வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். பால்வெட்டுக்காரன் மகள் ஆபீசில் நாற்காலி போட்டு உட்காருவது எங்கள் தொழிலாளர் லயத்தில் அதுவரை நடந்ததில்லை.

எனக்கு விருப்பம் இல்லை என்றேன். மூன்றாம் நாள் அப்பாவே ஒரு வழி சொன்னார். திருவிழாவுக்குள் விளையாட்டை முடித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகும் என் பின்னால் நிற்க ஓர் ஆள் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் என் இஷ்டம். ஒன்று குறைந்தாலும் ஆபீஸ். நான் ஒப்புக்கொண்டேன். வேறு வழியும் இல்லை.

தயாரிப்பாளர் தேடுகிறேன் என்று வெளியில் சொன்னது தப்பாகப் போயிற்று. ஒரே வாரத்தில் நான் சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த விளையாட்டால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அது. அம்மாதான் பாவம், கொஞ்ச நாள் குழாயடிக்குப் போகாமல் இருந்தாள்.

சிரம்பானில் மளிகை மொத்த வியாபாரம் செய்த முதலாளி ஒருவர், முன்பு ஒரு மேடை நாடகத்துக்குச் செலவு செய்தவர் என்று கேள்விப்பட்டுப் போனேன். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார். தும்மிக்கொண்டே கதை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பாட்டு எத்தனை என்று கேட்டார். எந்தத் தியேட்டரில் போடுவார்கள் என்று கேட்டார். கடைசியில், எல்லாம் சரி, ஆனால் மரம் வெட்டுகிற பொம்பளையை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான், அவளை மேனேஜர் மகளாக்கிவிடு, குதிரையில் வரட்டும் என்றார். எங்கள் மேனேஜருக்கு மகளும் இல்லை, குதிரையும் இல்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்தப் பெண் மரம்தான் வெட்டுவாள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியே பஸ் நிற்கும் இடம் வரை தும்மல் நிற்கவில்லை.

ஆட்கள் மட்டும் கிடைத்தார்கள். ஓவியர், சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களில் சாமி சிலைகளுக்கு வர்ணம் பூசுபவர். மவுசைப் பிடித்து வரையப் பழகிக்கொண்டார், ஆனால் மரங்களுக்குக்கூடக் கண் வைக்கப் பார்த்தார். திரையில் பதினாறு நிறம்தான் வரும் என்றதும், அம்மன் புடவைப் பச்சை இதில் இல்லையே என்று ஒரு நாள் முழுக்க வேலையே செய்யவில்லை. இசைக்கு மம்பாவ் என்ற ஊரிலிருந்து ஓர் அண்ணன். கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவர். எந்தப் பாட்டையும் அருமையாகத் தொடங்குவார். மாப்பிள்ளை மேடைக்கு வந்ததும் நிறுத்தியே பழகியதால் எதற்கும் முடிவு வாசித்ததில்லை. விளையாட்டுக்கு அது தோதாகப் போயிற்று, ஆரம்பத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

தயாரிப்பாளர்தான் இல்லை. சொந்தமாக மிஷினும் இல்லை. தவுக்கே எவ்வளவு நேரம்தான் சாப்பிடுவார்?

அப்பா எங்கள் கோயில் கமிட்டிக்குச் செயலாளர். அந்த வருடத் திருவிழாக் கூட்டத்தில் பேச்சோடு பேச்சாக யாரோ என் விஷயத்தைக் கேலியாக இழுத்திருக்கிறார்கள். கோயில் தலைவர் மட்டும் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தோட்டத்து லாரி ஓட்டுபவர். ஒரே ஆள் திருவிழா எடுக்க முடியாது என்றுதானே நாளுக்கு ஓர் உபயம் வைத்திருக்கிறோம், இந்தப் பிள்ளைக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டாராம். கூட்டத்தில் ஒருவர் ஆமாம் என்றால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியாது. விளையாட்டின் ஐந்து கட்டங்களில் நான்கை அங்கேயே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். காசாக வேண்டாம், பொருளாகக் கொடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

இப்படித்தான் வெட்டுக்காரர்கள் உபயமாக மானிட்டர் வந்தது. புல்வெட்டு, மருந்தடிப்பு ஆட்கள் சேர்ந்து கீபோர்டும் மவுசும் வாங்கினார்கள். லாரிக்காரர்கள் எங்கிருந்தோ ஒரு பழைய மிஷினையே தூக்கிவந்து இறக்கினார்கள். ஆபீஸ்காரர்கள் ஒரு பெட்டி டிஸ்க் கொடுத்தார்கள். எங்கள் கோயில் மின்விசிறியில் மூன்று இறக்கையிலும் உபயகாரர் பேர் எழுதியிருக்கும், விசிறி நின்றால்தான் படிக்கலாம். அந்த வழக்கப்படி மானிட்டரின் நாலு பக்கமும் சிவப்பு பெயிண்டில் பேர்கள் ஏறின. பேர் கண்ணாடி மேல் இறங்காமல் ஓவியர் நின்று காவல் காத்தார்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. உபயம் யாருடையதோ அன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அன்று சாமிக்கு என்ன அலங்காரம், என்ன பிரசாதம் என்பதை அவர் சொல்வார், கமிட்டி மறுக்காது. கட்டங்களைப் பிரித்த அடுத்த வாரம் ஒவ்வொரு கூட்டமாக வீட்டுக்கு வந்து தங்கள் கட்டத்தில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லாருக்கும் ஒரே கவலை. தங்கள் உபயத்தில் அபசகுனமாக ஒன்றும் நடக்கக் கூடாது. விளையாடுபவர் தோற்றால் மூன்று உயிரில் ஒன்று போகும் என்று நான் விளக்கியபோது வெட்டுக்காரர்கள் தரப்பில் வந்த அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எங்க உபயத்துல ஒருத்தரும் சாகக் கூடாதுமா. சொல்லிட்டேன்," என்றார். வெட்டுக்காரர் கட்டத்தில் சாவு நீக்கப்பட்டது. புல்வெட்டுக் கட்டத்தில் வரும் பாம்பு கடிக்கக் கூடாது என்றார்கள். அது வந்து, படமெடுத்து, வழிவிட்டுப் போகும்படி மாற்றினேன். லாரிக் கட்டத்தில் லாரி பள்ளத்தில் விழக் கூடாது. எப்படி ஓட்டினாலும் அது ரோட்டிலேயே போயிற்று. ஸ்டோரில் பால் நிறுக்கும் கட்டம் ஆபீஸ்காரர்கள் உபயம். தங்கள் கட்டத்தில் நிறுவையில் பால் குறையவே கூடாது என்று அவர்கள் கேட்டதைச் சொன்னபோது, வெட்டுக்காரர்கள் லயத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

எல்லாம் முடிந்து ஓவியரை உட்கார வைத்து விளையாடச் சொன்னேன். முன்னால் போகிற விசையில் விரலை வைத்தபடியே தூங்கிவிட்டார். தூக்கத்திலேயே நாலு கட்டமும் ஜெயித்தார். நான் வேலியோரமாகப் போய் நின்று அழுதேன். ஆபீஸ் நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது.

ஐந்தாவது கட்டத்தை யாரும் எடுக்கவில்லை. திருவிழா நெருங்கியதும் அப்பா தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் நிபந்தனையைச் சொன்னார்.

"கடைசில மழை வரணும். வெட்டுன பாலெல்லாம் மங்கோட போயிடணும்."

ஏன் என்று கேட்டேன். என் அப்பாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"இவ்வளவு நேரம் ஆடி எல்லாம் போச்சுன்னா எவன் மறுபடி ஒக்காருவான்? எந்திரிச்சுப் போயிடுவான். நீ ஆபீசுக்குப் போலாம்."

பெற்ற மகள் சோற்றில் மண் அள்ளிப் போடுவதை இவ்வளவு நேர்மையாகச் சொல்பவரை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஆனாலும் உபயம் உபயம்தான், மறுக்க முடியாது. மழையை எழுதினேன். எந்த நேரத்தில் மழை வர வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. நம் தோட்டத்தில் அது எப்போது சொல்லிவிட்டு வந்திருக்கிறது? ஒரு தடவை ஆரம்பத்திலேயே வரும், ஒரு தடவை கடைசி மரத்தில் வரும், எனக்கே தெரியாதபடி வைத்தேன். ஓவியர் மேகத்தை மட்டும் மனசு வைத்து வரைந்திருந்தார், அதற்குக் கண் வைக்கவில்லை.

திருவிழாவன்று அன்னதானம் முடிந்த மத்தியானம் கோயில் மண்டபத்தில் மிஷினை வைத்தோம். ஓவியரும் மம்பாவ் அண்ணனும் இரண்டு பக்கம் நின்றார்கள். ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் உபயகாரர் பேர் திரையில் வர, அந்தக் கூட்டம் மட்டும் கைதட்டியது. தலைவர் முதலில் விளையாடினார். பாம்பு வழிவிட்டது. லாரி ரோட்டில் போயிற்று. நிறுவை சரியாக இருந்தது, அதற்கு மறுபடி ஒரு சிரிப்பு. பின்வரிசையில் இருந்தவர்கள் மோருக்கு எழுந்து போகத் தொடங்கினார்கள்.

ஐந்தாவது கட்டத்தில் தலைவர் பாதி மரத்தை வெட்டியிருந்தபோது மழை வந்தது. அத்தனை மங்கும் நிரம்பி, பால் தண்ணீராகி வழிந்தது. மண்டபமே ஐயோ என்றது. நான் தலைவர் எழுந்து போவதற்காகக் காத்திருந்தேன். அவர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மேல் பக்கம் போனது என் தப்பு, பள்ளத்துப் பக்கம் முதலில் முடித்திருக்க வேண்டும் என்றார். மறுபடி தோற்றார். உபயத்தில் சாவு வேண்டாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட அக்கா அவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். அவரும் தோற்றார். மோருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வரிசை மண்டபத்துக்கு வெளியே போயிற்று. இருட்டுது, இருட்டுது, வாளியைத் தூக்கு என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அது விளையாட்டாகியிருந்தது என்பது எனக்குப் புரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் இதோடு சரி. திருவிழா முடிந்தால் உபயமும் முடிந்தது, கமிட்டி இனி அடுத்த வருடம்தான் கூடும். விளையாட்டு முடிந்துவிட்டது, பின்னால் நிற்க ஆள் இல்லை. அப்பா சொன்ன இரண்டில் ஒன்று குறைந்தது. நானும் கணக்கில் தவற மாட்டேன், அவரும் மாட்டார்.

அப்பா வெகு நேரம் தூண் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும், வரிசையில் நிற்காமல் செயலாளர் என்ற உரிமையில் வந்து உட்கார்ந்தார். தன் உபயத்தில் தானே தோற்றார். மறுபடி தொடங்கினார். மறுபடி தோற்றார். ஒவ்வொரு விசையையும் பால்வெட்டு உளியைப் பிடிக்கிற மாதிரி அழுத்தினார். அவருடைய உதடு அசைந்ததைப் பார்த்தேன், மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் பெரிய கிராணி புதுச் சட்டை, மாலையுடன் வந்து அவர் பின்னால் நின்றார்.

"என்னய்யா, மக என்ன சொல்லுது? வார திங்கக்கெழமையே அனுப்பிரு லா."

அப்பா திரும்பவில்லை. திரையில் வானம் இருட்டத் தொடங்கியிருந்தது.

"வேற ஆளப் பாருங்க கிராணி ஐயா. அவளுக்கு இங்க வேல கெடக்கு."

கிராணி என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் முதுகைப் பார்த்தேன். மழை வந்து மங்குகள் நிரம்பின. அப்பா விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மழைக்கு முன்னால எலை மேல ஒரு சத்தம் வரும்ல, அத நீ போடல. நாளைக்கு அந்த மம்பாவ் பையன வரச் சொல்லு, ஒக்காந்து போட்டுருவோம். அடுத்த வாரம் நானே சிரம்பான் வந்து ஒங்க தவுக்கேகிட்ட இத விக்கிறதப் பத்திப் பேசுறேன்."

சரிப்பா என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் அதற்குள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டதால் அதைக் கவனிக்கவில்லை.