பெட்டியில் தொங்கும் கோல்டு

விமான நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு ஆள் முகம் இரண்டாம்பட்சம், கண் முதலில் பெட்டிக்குத்தான் போகும். மதுரையில் இறங்கி ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்களை ஏற்றிப் போவது என் பிழைப்பு. பெயர் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு கம்பிக்கு வெளியே கால் கடுக்க நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நான் சொல்வது புரியும். கையோடு இழுத்து வருகிற சின்னப் பெட்டியில் சிலருக்கு ஒரு அட்டை தொங்கும். அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமானக் கம்பெனி கொடுக்கிற மரியாதை அது. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படிப்படியாக ஏறும், பறப்பது குறைந்தால் அதேபோல் இறங்கும். அதை ஊரறியத் தொங்கவிடலாமா, கழற்றி உள்ளே போட்டுக்கொள்ளலாமா என்று என் வண்டியில் நடந்த பஞ்சாயத்துகள் ஏராளம். என்னிடம் இருப்பது ஒரு மஞ்சள் பை. அதனால் எனக்குக் கட்சி கிடையாது.

ஒரே வாளி

ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வந்தவர் ஒருவர், பிளாட்டினம். பெட்டியை டிக்கியில் வைக்கும்போதே "அட்டை வெளியே தெரியிற மாதிரி வைப்பா" என்றார். மூடப்போகிற டிக்கிக்குள் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. மானாமதுரையில் டீ குடிக்க நிறுத்தினால், டிக்கியைத் திறந்து அட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் எனக்கும் சேர்த்து அவர் பன் வாங்கிவிட்டதால் கோபத்தைப் பரமக்குடி வரைக்கும் தள்ளிப்போட்டேன்.

கோயிலுக்குள் துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். கிணறு கிணறாகப் போய்த் தலையில் தண்ணீர் வாங்க வேண்டும். ஒரு கிணற்றில் கூட்டம் நெருக்கியது. மனிதர் பெட்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்த அந்த அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, "இதுக்குத் தனி வரிசை இருக்கா?" என்று கேட்டுவிட்டார். பாவம், எல்லா இடத்திலும் காட்டிக் காட்டிக் கை பழகியிருக்கிறது. கிணற்று மேட்டில் நின்று இறைத்து ஊற்றுகிறவர் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே வாளிதான் சார். தலையைக் குனிங்க."

என்ன கொண்டு போறீங்க?

ஜெரால்டு தங்கச்சிமடத்துப் பையன். கப்பல் இன்ஜின் பழுது பார்க்கிற வேலை. எந்தத் துறைமுகத்தில் இன்ஜின் மக்கர் பண்ணினாலும் கம்பெனி இவனைப் பறக்கவிடும். வாரம் தவறாமல் என் வண்டியில் வருவான், அடுத்த நாளே போவான். அப்படிப் பறந்து பறந்து கோல்டு வாங்கியிருந்தான். மண்டபத்தில் டீச்சராக இருக்கிற ஜான்சியை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அதை அவளிடம் சொல்லத்தான் ஊரில் இருந்ததில்லை.

ஒருநாள் வழியில் சோதனைக்கு நிறுத்தினார்கள். எங்கள் கரையில் கோல்டு என்றால் வேறு அர்த்தம், கடத்தல் தங்கம். கடல் வழியாக எது எது வந்திறங்குகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற இடம். டிக்கியைத் திறந்த போலீஸ்காரர் பெட்டியில் பொன்னெழுத்தில் கோல்டு என்று தொங்குவதைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். ஜெரால்டுக்கு வியர்த்துவிட்டது. பிளேன், பயணம், மரியாதை என்று என்னென்னவோ உளறினான். அவர் பெட்டியைத் திறக்கவே சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக்கியை மூடினார். "கொண்டு போறவன் எவனும் இப்படிப் பேர் எழுதித் தொங்கவிட்டு இந்தக் கரையில நான் பார்த்ததில்ல. போங்க தம்பி."

மாப்பிள்ளையும் மாடும்

உத்தரகோசமங்கைப் பக்கத்தில் உழவு பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை ஒருவர், பெங்களூரில் வேலை. அவருக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. மதுரையில் அட்டை கம்பீரமாகத் தொங்கும், பரமக்குடி தாண்டியதும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். "ஊருக்குள்ள பார்த்தா ஆளாளுக்குப் பேசுவாய்ங்கண்ணே" என்பார். ஒரு தடவை தூங்கிப் போனார். நானும் எழுப்பவில்லை. வேண்டுமென்றே எழுப்பவில்லை என்று சொன்னாலும் பரவாயில்லை.

வீட்டு வாசலில் அவருடைய மாமா மாட்டைத் தண்ணிக்கு அவிழ்த்துக்கொண்டிருந்தார். மாட்டின் காதில், கால்நடை டாக்டர் மாட்டிவிட்டுப் போன மஞ்சள் அட்டை. மாமா பெட்டியைப் பார்த்தார், மாட்டின் காதைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் உண்மையான அக்கறையோடு கேட்டார். "ஏன் மாப்ள, ஒனக்கும் இன்சூரன்ஸ் போட்டுட்டாகளா?"

பெண் பார்த்த அன்று

பையன் வாய் திறக்காததால் பெரியவர்களே பேசி, ஜான்சி வீட்டுக்குப் போக நாள் குறித்துவிட்டார்கள். ஜெரால்டு நேராக மதுரையிலிருந்து வந்தான். அம்மா ஆரோக்கியத்தை வழியில் ஏற்றிக்கொண்டோம். சாக்லேட்டெல்லாம் பெட்டிக்குள் இருந்ததால் பெட்டியும் பெண் பார்க்க வந்தது. அட்டையை இவன் கழற்றப் போக, அம்மா கையைத் தட்டிவிட்டார். "தொங்கட்டும்லே. வாங்குனது மறைக்கிறதுக்கா?"

வீட்டு முற்றத்தில் ஜான்சியின் அப்பா கிழிந்த வலையை ஆரஞ்சு நூலால் முடிந்துகொண்டிருந்தார். எழுந்து வந்து வரவேற்றார். காப்பி வந்தது. ஜான்சியும் வந்தாள், வந்தவள் மாப்பிள்ளையைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தாள். ஆரோக்கியத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "அடிக்கடி பறக்கிறவுகளுக்குத்தான் குடுப்பாகளாம்" என்றார். கெட்டது காரியம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

"எவ்வளவு அடிக்கடி?" என்று கேட்டாள் ஜான்சி. ஜெரால்டு உண்மையைச் சொன்னான். வாரத்தில் ஒருநாள் ஊரில் இருந்தால் அதிகம் என்றான். அவள் கோபப்படவில்லை, அவளுக்கு அவனைப் பிடிக்கும் என்பதும் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "எங்க அப்பா கடலுக்குப் போனா மறுநா கரைக்கு வந்துருவாரு. ஒங்களுக்குக் கரையே இல்லையே. இந்தக் கோல்டு இறங்கட்டும், அப்புறம் பேசலாம்."

கீழே இறங்கிய மரியாதை

ஜெரால்டு தூத்துக்குடித் துறைமுகத்திலேயே தங்குகிற வேலையைக் கேட்டான். கம்பெனி இழுத்தடித்தது. அம்மாவுக்கோ மனசே ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மகன் கோல்டு இறங்க வேண்டும் என்று மெழுகுதிரி ஏற்றுவான், பக்கத்திலேயே அம்மா அது இறங்கக் கூடாதென்று இன்னொன்று ஏற்றுவார். மாதாவுக்குத் தர்மசங்கடம்.

கடைசியில் தூத்துக்குடி கிடைத்தது. வாராவாரம் வந்தவன் எப்போதாவதுதான் என் வண்டிக்கு வந்தான். என் பிழைப்புக்கு அது நஷ்டம், ஆனாலும் அவனுக்காகச் சந்தோஷப்பட்டேன். அப்படி வந்த ஒருநாள், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். சில்வர். நான் கைதட்டினேன். என் பக்கத்தில் நின்ற டிரைவர் முருகேசனுக்குக் கல்யாண விவரம் தெரியாது, அவர் உச்சுக் கொட்டினார். "பாவம்யா, கீழ எறக்கி விட்டுட்டாய்ங்க. அந்த அதிர்ச்சியில பையனுக்கு ஏதோ ஆகிப்போச்சு."

யார் வீட்டு வலை

தங்கச்சிமடத்து மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. ஆரோக்கியம்தான் எல்லாரையும்விட அதிகமாக ஓடியாடினார். மகன் வாரக் கடைசியில் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுவதைப் பார்த்த பிறகு அவருக்கும் சில்வர் பிடித்துப்போயிற்று. புது ஜோடியைக் கொச்சிக்கு அனுப்ப நான்தான் மதுரைக்கு ஓட்டிப் போனேன். ஜான்சிக்கு அது முதல் விமானம்.

பெட்டியை இறக்கும்போது கைப்பிடியைப் பார்த்தேன். சில்வரும் இல்லை. அந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் வலை நூல், நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்திருந்தது. ஜெரால்டு என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துச் சிரித்தான். என்னம்மா இது என்று ஜான்சியிடம் கேட்டேன். "கடல்ல கெடக்குற வலை யாரோடதுன்னு நூலு கலரைப் பாத்துத்தாண்ணே சொல்லுவாக. இது எங்க வீட்டுக் கலரு. எந்த ஊருல கெடந்தாலும் யாரு வீட்டு வலைன்னு தெரியணும்ல?"

பெட்டியில் அட்டையைத் தொங்கவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போதெல்லாம் சொல்வது இதுதான்: தாராளமாகத் தொங்கவிடுங்கள், உங்கள் வீட்டில் அதைப் பார்த்து யாரும் நீங்கள் திரும்பி வரும் நாளை எண்ணாதவரைக்கும்.