சிவப்பு, ஆரஞ்சு, குருபிரசாத்

ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு, குருபிரசாத் ஸ்டாப்வாட்சை என் கையில் திணிக்கிறார். ஞாயிறு காலை பதினொரு மணி. பெங்காலிகள் நிறைந்த டாக்குரியாவில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடி. அவர் காலடியில் இரண்டு செயின்சா, அதாவது பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் ரம்பங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று ஆரஞ்சு. "கயித்த எத்தனை தரம் இழுக்கறேன்னு எண்ணிக்கோங்கோ. அப்புறம்தான் நேரம். ரெண்டையும் குழப்பிடாதீங்கோ."

குழப்ப என்ன இருக்கிறது? நான்கு வருடமாக இதே கூத்து. சிவப்பு ஆறு இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், ஆரஞ்சு மூன்றில். ஒரே தடிமன் கட்டையைச் சிவப்பு பதினான்கு வினாடியில் அறுக்கும், ஆரஞ்சு பதினொன்றில். எல்லாம் ரம்பத்துக்கு ஒரு பத்தி போட்ட நோட்டில் ஏறும். சிவப்பை அப்படியே தோற்க விடுவாரா? மறுவாரம் அதன் சைலன்சர் ஓட்டையைப் பெரிதாக்குவார், பத்துக்கு இறங்கிவிடும். ஆரஞ்சுக்குப் பாவம் பார்க்க வேண்டாமா? அதன் பல்சக்கரத்தை மாற்றுவார். இரண்டு கட்சிக்கும் அவரே வக்கீல்.

துறைமுகத்தில் கிரேன்களைக் கட்டி மேய்த்த இன்ஜினீயர். ஓய்வு பெற்று ஆறு வருடம். இந்த ரம்பங்களால் நிஜ மரம் ஒன்றைக்கூட அறுத்ததில்லை. கேட்டால், "இன்னும் டியூனிங் முடியலையே சார்" என்பார். செயினின் ஒவ்வொரு பல்லுக்கும் வாரம் தவறாமல் அரம் போடுகிறவர் வீட்டில், மனைவி பத்மஜா காய்கறிக் கத்தியைக் காபிக் கோப்பையின் அடியில் தேய்த்துக்கொள்கிறார். "சொல்லிப் பாத்துட்டேன். கத்தியில இன்ஜின் இல்லையாம், இன்ட்ரஸ்ட் வரலையாம்" என்று என்னிடம் புகார் வேறு.

போன சித்திரையில் ஒரு ராத்திரி புயல் அடித்தது. விடிந்து பார்த்தால், எங்கள் முட்டுச்சந்தின் வாயை அடைத்துக்கொண்டு குல்மொஹர் மரம் கிடந்தது. கீழ்வீட்டுத் தபன் பாபுவுக்கு ஏழு மணிக்கு டயாலிசிஸ். போன முறை ஜுரத்தால் தவறிப்போய், முகமெல்லாம் வீங்கியிருந்தது. இந்த முறை தவறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாநகராட்சி ஆட்கள் பத்து மணிக்கு மேல்தான் வருவார்களாம். தபன் பாபுவின் மகள் மௌ எங்கள் ஜன்னல்களைப் பார்த்துக் கத்தினாள். "மேஷோ! உங்க மெஷினைக் கொண்டு வாங்க, சீக்கிரம்!" மேஷோ என்றால் பெங்காலியில் சித்தப்பா; தெருவுக்கே மேஷோ குருபிரசாத்தான்.

இந்த ஒரு நாளுக்குத்தானே நான்கு வருட ஒத்திகை! நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். கூடத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். விரித்துப் போட்ட பெங்காலிப் பேப்பரின் மேல் இரண்டு ரம்பங்களும் நட்டு வேறு போல்ட் வேறாகக் கிடந்தன. இதன் கார்புரேட்டரை அதற்கும், அதனுடையதை இதற்கும் போட்டு ஓட்டிப் பார்க்கத் திட்டமாம். "ஒரு மணி நேரம் குடுங்கோ" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஹெல்மெட்டை ஜன்னல் வழியே வீசியிருப்பேன்.

மணி ஆறேகால். பத்மஜா செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே இருந்த கிளப்புக்குப் போய், பூஜைப் பந்தலுக்கு மூங்கில் அறுக்கிற கைரம்பத்தை வாங்கி வந்தார். மௌ, பத்மஜா, நான் என்று முறை வைத்து அறுத்தோம். எனக்கு மூச்சு வாங்கியபோது பக்கத்தில் ஒரு கை நீண்டது. குருபிரசாத். தலையில் ஹெல்மெட் இல்லை. வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார்.

"இதுக்கு அரம் போட்டு வருஷக்கணக்காச்சு போலருக்கே" என்று முனகினார்.

"பேசாம அறுங்கோ" என்றார் பத்மஜா.

ஆறு ஐம்பதுக்கு, அறுத்த துண்டைப் புரட்டி ஓரம் தள்ளியதும், மௌ ஓட்டிய கார் அந்த இடைவெளியில் நுழைந்து போயிற்று. பின் ஸீட்டிலிருந்து தபன் பாபு எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். குருபிரசாத் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கொப்புளம் கட்டிய உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் மினுக்கியது. அதே கையால் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி கிழித்துக்கொண்டிருந்தார். மேலே 'கைரம்பம்' என்று எழுதினார். நேரம்: முப்பது நிமிடம். 'எத்தனை இழுப்பில் ஸ்டார்ட்' என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது. பிறகு நிதானமாக, வட்டமாக, ஒரு பூஜ்யம் போட்டார்.