கீரைப் பாத்தியில் பாய்ந்த பெட்ரோல்

எங்கள் பெரியம்மா ஒரே ஒரு முறைதான் ஊரை எதிர்த்து நின்றாள். அன்றைக்கு நான் பக்கத்திலேயே இருந்தேன். கண்ணால் பார்த்ததெல்லாம் இன்றும் நினைவிருக்கிறது. பார்த்தது என்ன என்பதுதான் வெகுகாலம் விளங்காமல் இருந்தது.

அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். முழுப்பரீட்சை லீவு விட்டதும், பூந்தமல்லியில் பஸ் மாறி, திருமழிசைப் பக்கத்திலிருந்த பெரியம்மா வீட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அம்மாவின் சொந்த அக்கா அவள். நெடுஞ்சாலையை ஒட்டி அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் கீரை போட்டு மார்க்கெட்டுக்கு அனுப்பிப் பிழைத்தார்கள்.

பெரியம்மா வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டாள். தெருக்குழாயில் யாராவது அவள் குடத்தை ஒதுக்கிவிட்டுத் தங்கள் குடத்தை வைத்தால், ஒன்றும் சொல்லாமல் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்பாள். இதில் பெரியப்பாவுக்குத் தீராத வருத்தம். ஊரில் எல்லாருக்கும் இரண்டு இரண்டு வாயைக் கொடுத்த கடவுள் தன் பெண்டாட்டிக்கு மட்டும் பாதி வாயைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காலை வேளை. நானும் பெரியம்மாவும் வயலில் அரைக்கீரையை அறுத்துக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தோம். சாலையில் பெரிய சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், குறுக்கே வந்த மாட்டுக்காகச் சட்டென்று ஒதுங்கிய ஒரு டேங்கர் லாரி, ஓரத்துப் பள்ளத்தில் யானை படுத்த மாதிரி சாய்ந்து கிடந்தது. கிளீனர் பையன் எப்படியோ வெளியே விழுந்து நெற்றியில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான். டிரைவர் உள்ளே மாட்டிக்கொண்டு கத்தினார்.

அக்கம்பக்கத்து ஜனங்கள் ஓடி வந்ததைச் சொல்லியாக வேண்டும். டீக்கடைக்காரர் வடைச்சட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள். பெரியம்மா எல்லாருக்கும் முன்னால் போய்விட்டாள். நாலைந்து பேராகச் சேர்ந்து கண்ணாடியை உடைத்து, டிரைவரை இழுத்து, புளியமரத்தடியில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அந்த வழியாக வந்த பஸ்ஸை மறித்து, அவரையும் கிளீனர் பையனையும் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். அவரைத் தூக்கியபோது யாரும் சாதி பார்க்கவில்லை, சட்டையில் ரத்தம் படுமே என்றும் பார்க்கவில்லை. அந்த ஊரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அந்தப் பெருமை பஸ் கண்ணுக்கு மறையும் வரை இருந்தது. அதற்குள் எல்லார் மூக்கிலும் வாசனை ஏறிவிட்டது. டேங்கரின் மூடி ஒன்று வாய் பிளந்து, கட்டைவிரல் கனத்துக்குப் பெட்ரோல் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். உதவிக்கு ஓடி வந்த கால்கள் அதே வேகத்தில் வீட்டுக்குத் திரும்பி ஓடின, குடம் எடுக்க.

பெரியம்மா ஓடவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளத்தில் நிரம்பிய பெட்ரோல் வழிந்து, வாய்க்காலில் இறங்கியிருந்தது. எங்கள் வயல் வரப்பை ஒட்டிப் போகிற அந்த வாய்க்கால், நேராகத் தெருவுக்குப் பின்புறமாகத்தான் போகும். கோடைக்காலம், வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருவில் எல்லா வீட்டிலும் விறகடுப்பு எரிகிற நேரம் அது.

வரப்பில் மண்வெட்டி கிடந்தது. அதை எடுக்கப் போனவள், கல்லில் பட்டால் பொறி கிளம்பும் என்று நினைத்தோ என்னவோ, விட்டுவிட்டாள். மண்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணைப் பறித்து எங்கள் வயலின் மடையைத் திறந்தாள். பறித்த மண்ணை வாய்க்காலின் குறுக்கே போட்டு அணைத்தாள். என்னை ஏரிக்கரைக்கு ஓடச் சொன்னாள். நான் கொஞ்ச தூரம் ஓடி, ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். அங்கிருந்தே பார்த்தேன். பெட்ரோல் தெருவை மறந்துவிட்டு எங்கள் கீரைப் பாத்திகளுக்குள் திரும்பியது. பாதி கட்டின கீரைக்கட்டுகள் அதில் மிதந்தன.

முதல் குடத்தோடு வந்து சேர்ந்தவர் பெரியப்பாதான். பெட்ரோல் ஊற்றிக் கிளப்புகிற பழைய பம்பு இஞ்சின் அவருடையது. தெய்வமே லாரியைக் கவிழ்த்து அனுப்பியிருக்கிறது என்று அவர் நினைத்தால் அதில் தப்பில்லை. வயலைப் பார்த்ததும் அவருக்குக் கண் இருண்டுவிட்டது.

"இன்னாமே இது? பயிர்ல உட்டுகினு கீற?"

பெரியம்மா எழுந்து வந்து அவர் கையிலிருந்த பித்தளைக் குடத்தைப் பிடுங்கினாள். கல்யாணமான நாளாக அவர் கையிலிருந்து அவள் எதையும் பிடுங்கியிருக்கமாட்டாள். அவருக்குப் பின்னால் குடமும் பக்கெட்டும் பிளாஸ்டிக் கேனுமாகக் கூட்டம் வந்து நின்றது. ஒருவர் வாயில் பீடி. பற்றவைக்கவில்லை, ஆனால் இடுப்பில் தீப்பெட்டி செருகியிருந்தது.

தெருவிலிருந்து லாரி கிடந்த பள்ளத்துக்கு வர எங்கள் வரப்புதான் வழி. அது அவ்வளவு அகலமில்லை. அதன் நடுவில் பெரியம்மா நின்றாள்.

"என் ஊட்டுக் கொடமே வெறுங்கொடமாத்தான் திரும்புது. இதுக்கு மேல யாரு வரணும்னாலும் என்னைத் தள்ளிட்டு வாங்க. உங்க ஊட்ல அடுப்பு எரியுது, புள்ளைங்க தூங்குது. போய் அடுப்ப அணைங்க."

சத்தம் போடவில்லை. குழாயடியில் பேசாத அதே குரல்தான். திட்டினார்கள். பெட்ரோல் என்ன இவள் அப்பன் வீட்டுச் சொத்தா என்றாள் ஒருத்தி. டீக்கடைக்காரர், மண்ணுக்குப் போவது மனுஷனுக்குப் போனால் இவளுக்கு எங்கே எரிகிறது என்று கேட்டார். ஒரு இளைஞன் அவளைத் தாண்டப் பார்த்து வரப்பில் வழுக்கி விழுந்தான்.

அப்போது பெரியப்பா செய்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பெண்டாட்டியின் கையிலிருந்து குடத்தை வாங்கினார். நேரே கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் மொண்டுகொண்டு, தெருமுனைக்கு நடந்து, முதல் வேலையாக டீக்கடை அடுப்பில் கொட்டினார். அப்புறம் வீடு வீடாகப் போனார். சோறு பாதி வெந்திருந்த அடுப்பு, குழந்தைக்கு வெந்நீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்பு, எதையும் விடவில்லை. திட்டு வாங்குவதில் பெண்டாட்டிக்குச் சமமாக வந்துவிட்டார். அவர் பின்னால் இன்னும் சிலர், கொண்டுவந்த வெறுங்குடங்களைத் தண்ணீர்க் குடங்களாக்கிக்கொண்டு போனார்கள். சிலர் கடைசி வரை வரப்போரத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் வந்தது. தீயணைப்பு வண்டி வந்து நுரையைப் பீய்ச்சியது. மதியத்துக்கு மேல் வேறொரு டேங்கர் வந்து மிச்சத்தை உறிஞ்சிக்கொண்டு போனது. ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காததால்தான் பெரியம்மாவுக்கு வினை வந்தது. அந்தத் தெருவில் அன்று யாரும் சாகவில்லை, ஒரு கூரையும் எரியவில்லை. ஆகவே கிடைக்க இருந்த பெட்ரோலைக் கிடைக்கவிடாமல் செய்தவள் என்ற பெயர்தான் மிச்சம். கீரை மஞ்சளாகிக் கருகிற்று. அந்த நிலத்தில் அடுத்த போகம் விதைத்ததுகூட முளைக்கவில்லை. பெரியப்பா மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்திக்கொண்டு கிடந்தார். ஆனால், பெண்டாட்டிக்குப் பாதி வாய் என்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுத்ததே இல்லை.

லீவு முடிந்து ஆவடிக்கு வந்ததும் பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் இதைச் சொன்னேன். லாரி கவிழ்ந்தது வரைக்கும் கேட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று என்றார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். அடுத்த தடவை சொன்னபோது நான் ஒரு வைக்கோல்போரைக் கொளுத்திக்கொண்டேன். அதற்கடுத்த தடவை நாலு வீடு எரிந்தது, பெரியம்மா நெருப்புக்குள் புகுந்து குழந்தைகளைத் தூக்கி வந்தாள். அவளுக்குச் சேரவேண்டிய மரியாதையை நானாவது சேர்த்துவிட்டதாக எண்ணம்.

ஆடி மாதத்தில் பெரியம்மா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். செய்தி தெரிந்து என் தோழிகள் கதவருகே கூட்டமாக வந்து நின்றார்கள். ஒருத்தி தைரியமாக, நெருப்பு எவ்வளவு உயரத்துக்கு எரிந்தது என்று கேட்டுவிட்டாள். பெரியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எரியலம்மா. எதுவுமே எரியல," என்றாள்.

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நன்றாக இருந்த என் கதையை இப்படிக் கெடுத்துவிட்டாளே, அதில் சிரிப்பு வேறா என்று அன்றைக்கு முழுவதும் நான் அவளோடு பேசவே இல்லை.