ரெண்டிலும் வெள்ளைப் பூ

நேற்று மதியம் தயிர்சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு போனில் ஒரு கொரியன் டேட்டிங் ஷோவின் கடைசி எபிசோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் மேஜை முன்னால் நிற்கிறாள். மேஜையில் ரெண்டு உறை. ஒன்றில் சிரித்துச் சிரித்துப் பேசியவன் பெயர், இன்னொன்றில் ஷோ முழுக்க உம்மென்று இருந்தவன் பெயர். எதில் எவன் என்று அவளுக்குத் தெரியாது. எடுத்தது எவனோ அவனோடுதான் கடைசி நாள். அவள் கை ரெண்டுக்கும் நடுவில் போய் நின்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டில் எங்கிருந்தோ ஈர அரளிப் பூவின் பச்சை வாசனை வந்தது.

இந்த மாதிரி கட்டத்தில் எனக்கு ஒரு மெசேஜ் வரும். "பாத்தியாடி?" அவ்வளவுதான். கோகிலாவிடமிருந்து. பத்துப் பன்னிரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தது போன தை மாதத்தோடு நின்றுவிட்டது, நேற்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் டிராமாக்களைத் திட்டிக்கொண்டே நழுவப் பார்ப்பேன். விடாமல் இழுத்து வாருங்கள்.

நானும் கோகிலாவும் இண்டூரில் ஒரே தெரு. பள்ளிக்கூடம் முடித்துக் கொஞ்ச வருஷத்தில் ரெண்டு பேரும் தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தோம். எனக்குச் சேலை, அவளுக்குச் சுடிதார். மதியச் சாப்பாட்டுக்கு மேல்மாடி குடோனில் அரை மணி நேரம் விடுவார்கள். புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கை அரிக்கும். துணிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு போனில் ரெண்டு பேரும் பார்ப்போம். இயர்போனில் இடது காது எனக்கு, வலது காது அவளுக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்த பாய்தான் மெமரி கார்டில் எபிசோடு ஏற்றித் தருவார். "இந்தத் தடவ அழுவாச்சி ஜாஸ்திம்மா, கர்ச்சீப் எடுத்துட்டுப் போங்க" என்று எச்சரிக்கையும் செய்வார். கீழே ஓடும் இங்கிலீஷைப் பாதி படித்து, மீதியை நாங்களே இட்டுக்கட்டிக்கொள்வோம்.

எனக்கு அந்த டிராமாக்கள்மேல் நிறையக் கோபம் உண்டு. கோபத்தோடுதான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஹீரோ வருவான், பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போவான். அது காதலாம். எங்கள் பஸ் ஸ்டாண்டில் எவனாவது அப்படி இழுத்திருந்தால் முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். அப்புறம் மழை. அங்கே காதல் வர வேண்டுமென்றால் மழை பெய்ய வேண்டும், ஒருத்தர் குடை பிடிக்க வேண்டும். தர்மபுரியில் பெய்கிற மழைக்குக் காத்திருந்தால் எங்கள் ஊரில் ஒரு ஜோடிகூடச் சேராது. சீனாக்காரர்கள் டிராமாவில் முதலாளி முப்பது எபிசோடு முறைத்துவிட்டுக் கடைசியில் சிரிப்பான், நாம் கைதட்ட வேண்டும். ஜப்பான்காரர்கள் விரல் பட்டதற்கே ஒரு வாரம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பார்கள். ஜப்பான்காரர்களை எனக்குப் பிடிக்கும், அவர்களுக்கு நம்மைப் போலவே பயம் அதிகம்.

எங்கள் சண்டை எல்லாம் ரெண்டாவது ஆளைப் பற்றித்தான். எல்லா டிராமாவிலும் ரெண்டாவதாக ஒருத்தன் இருப்பான். நல்லவன். பசிக்கும்போது சோறு வாங்கித் தருவான், அழும்போது பக்கத்தில் உட்காருவான், கடைசியில் தோற்பான். நான் ஹீரோ கட்சி. முறைப்பாக இருக்கிறவனுக்குள்தான் ஏதோ இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன். கோகிலா ரெண்டாவது ஆள் கட்சி. "உள்ள என்னா இருந்தா எனக்கென்னாடி? வெளிய இருக்கறதோடதான குடித்தனம் பண்ணணும்?" என்று டிபன் மூடியைத் தட்டுவாள். ஹீரோ ஜெயித்த அன்றைக்கு மதியம் முழுக்க என்னோடு பேச மாட்டாள், ஏதோ நான்தான் கதை எழுதினேன் என்கிற மாதிரி.

டேட்டிங் ஷோக்கள் கொஞ்சம் பிந்தி வந்தன. பத்துப் பேரை ஒரு வீட்டில் போட்டு, யாரை யாருக்குப் பிடித்திருக்கிறது என்று ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. ஸ்டுடியோவில் நாலு பேர் உட்கார்ந்து, "அவள் கண்ணைப் பார்த்தீர்களா, பிடிக்கவில்லை" என்று விளக்கம் சொல்கிறார்கள். புதுசாக என்ன இருக்கிறது? பெண் பார்க்க வேன் நிறைய வருகிறார்களே, அவர்கள்தான் அந்த நாலு பேர். காபித் தம்ளரை எந்தக் கையால் கொடுத்தாள் என்பதிலிருந்து குணத்தையே சொல்லிவிடுவார்கள். அங்கேயாவது அந்தப் பெண்ணிடம் மைக்கை நீட்டி, உனக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்று கேட்கிறார்கள்.

கோகிலாவுக்கு ஒரே வாரத்தில் ரெண்டு இடம் வந்தது. நல்லம்பள்ளி மாப்பிள்ளை பால் சொசைட்டியில் வேலை. வந்ததும் நாலு பேரைச் சிரிக்க வைத்தார். காபி கொடுக்கப் போன கோகிலாவிடம், "நீங்க சாப்புட்டீங்களா?" என்று கேட்டார். கம்பைநல்லூர் மாப்பிள்ளைக்குத் தென்னந்தோப்பு. நல்ல உயரம், அழுத்தமான முகம். வந்ததிலிருந்து போகிறவரை தரையைத்தான் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கோகிலாவின் இடுப்பில் கிள்ளி, "ஹீரோடி!" என்றேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

அவள் அப்பாவுக்குத் தோப்பு பிடித்தது. அவள் அம்மாவுக்கு, நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன், பால் சொசைட்டி பிடித்தது. வீட்டில் ரெண்டு நாள் அடுப்பு புகையவில்லை. கடைசியில் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. கோகிலாவிடம் யாரும் கேட்கவில்லை. பூக்கட்டுவது என்றால், ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி, ரெண்டையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து ஒரே மாதிரி ரெண்டு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நல்லம்பள்ளி, சிவப்பு வந்தால் கம்பைநல்லூர். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் விட்டுவிட வேண்டும். மடிக்கிறவள் கல்யாணமாகாதவளாக இருக்க வேண்டும், தலைக்குக் குளித்துவிட்டு யாரும் பார்க்காமல் மடிக்க வேண்டும். பெரிம்மா என்னைத்தான் சொன்னார்.

முந்தின நாள் மதியம் குடோனில் கோகிலா இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கினாள்.

"ரெண்டுலயும் வெள்ளப் பூவயே வச்சிருடி."

"சாமி விசயம்டி."

"நானு ஆத்தாளத் தெனமும் கேட்டுட்டுத்தான இருக்கறன். அவுரு சாப்புட்டீங்களான்னு கேட்டாருடி. எங்க வூட்ல ஒருத்தரு என்னய அப்படிக் கேட்டதில்ல."

சரி என்றேன். சத்தியம் பண்ணு என்றாள். தலையில் கை வைத்துப் பண்ணினேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

காலையில் கோயிலுக்குப் போகும் வழியில் உபரியாக ஒரு வெள்ளை அரளியை என் இடுப்பில் செருகிவிட்டாள். பூசாரி தட்டில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு வைத்துத் தந்தார். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்தேன். ஈரத்தலை முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் இலையில் வெள்ளையை மடித்துவிட்டேன். ரெண்டாவது இலை விரித்தபடி இருந்தது. இடுப்புக்குப் போன கை அங்கேயே நின்றது. அந்த மாதம்தான் என் தம்பிக்கு அம்மை போட்டு, மூன்று தண்ணி ஊற்றி, தழும்பு ஆறிக்கொண்டிருந்தது. அவனை உயிரோடு விட்டுவைத்த மாரியாத்தாளை அவள் கோயில் முதுகிலேயே உட்கார்ந்து ஏமாற்றப் போகிறேன். வேப்பமரத்தில் காற்று அசைந்தது. சிவப்பை எடுத்து மடித்துவிட்டேன்.

பயம் முக்கால்வாசி. மிச்சக் கால்வாசியையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. சிவப்பு வந்தாலும் நல்லதுதான், அவர்தான் ஹீரோ என்று என் மண்டையில் ஒரு மூலை நினைத்தது. ஒரு சிநேகிதியின் வாழ்க்கையை நான் எபிசோடாகப் பார்த்துவிட்டேன்.

கோகிலாவின் அக்கா மகளைத்தான் எடுக்கச் சொன்னார்கள். நாலு வயசு. மிட்டாய் கேட்டு அழுதுகொண்டிருந்தவள், பொட்டலங்களைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள். கை ஒன்றின்மேல் போனது. எடுக்கவில்லை. மற்றதைத் தொட்டாள். திரும்ப முதலாவதுக்கு வந்தாள். எனக்கே எது எது என்று தெரியவில்லை. கோகிலா மட்டும் கண்ணை மூடி நிம்மதியாகக் கைகூப்பி நின்றாள். எதை எடுத்தாலும் வெள்ளைதான் என்று நின்றாள். குழந்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

பொம்பளைகள் குலவை போட்டார்கள். கோகிலா கண்ணைத் திறந்து பூவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். குழாயடிக்கு இழுத்துப்போய், "ரெண்டுலயும் வெள்ளதான வச்ச?" என்றாள். நசுங்கிய வெள்ளை அரளி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் கையைப் பார்த்தேன். ரோமமெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. "அப்ப ஆத்தாளே மாத்திப்புட்டாடி" என்றாள் மெதுவாக. "ரெண்டும் வெள்ள வச்சும் செவப்பாக்கிக் குடுத்திருக்கான்னா, அவ எனக்குன்னு பாத்துக் குடுத்திருக்கா." அதோடு நல்லம்பள்ளிப் பேச்சை எடுக்கவே இல்லை. கல்யாணத்தில் அவள் முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லை. ஒவ்வொரு ஆடிப் பண்டிகைக்கும் கம்பைநல்லூரிலிருந்து வந்து, வரிசையில் முதல் ஆளாக மாவிளக்கு எடுத்தாள்.

டிராமாவில் பேசாத ஹீரோவுக்கு ஆறாவது எபிசோடில் ஒரு பழைய கதை காட்டுவார்கள். சின்ன வயதில் அம்மா விட்டுப் போயிருப்பாள், அதுதான் மௌனம் என்று நாம் மன்னித்துவிடுவோம். கம்பைநல்லூர்க்காரருக்கு அப்படி ஒரு கதையும் இல்லை. பேச மாட்டார், அவ்வளவுதான். மூன்றாவது வருஷம் கோகிலா பையோடு வந்து நின்றாள். "அடிக்கறதில்ல, குடிக்கறதில்ல. ஒருத்தி வூட்ல இருக்கறதே தெரியாத மாதிரி இருக்கறாரு. இத என்னான்னு சொல்லி வர்றதுடி?" என்று என்னிடம் அழுதாள். அப்புறம் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆத்தா கொடுத்தது என்று கிளம்பிப் போனாள். ரெண்டாவது தடவை கையில் குழந்தை. பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், பஸ் வந்துவிட்டது. பஸ் வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் கட்சி மாறினாள். எந்த ஷோ வந்தாலும் உம்மணாமூஞ்சியின் பக்கம் நின்று, "பேசாதவன நம்பலாம்டி" என்று மெசேஜ் போடுவாள். நான் அதற்குள் ரெண்டாவது ஆள் கட்சிக்கு வந்திருந்தேன். அவள் விட்டுப்போன இடத்தில் நின்று அவளுடைய பழைய வார்த்தைகளையே அவளிடம் சொல்லிச் சண்டை போட்டேன். அவளுக்கு அது ஞாபகம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

போன தை மாதம் கூப்பிட்டாள். நாத்தனாருக்கு ரெண்டு இடம் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்க்கிறார்கள், நான்தான் வந்து மடிக்க வேண்டும். "ஒனக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆவலயே, ரூல்சு செல்லும்" என்று சிரித்தாள். பழைய சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் சொன்னாள்:

"அந்தப் புள்ளைக்கு ஒருத்தர மனசுக்குள்ள புடிச்சிருக்காட்டம் இருக்குது. நான் சொல்லிட்டன், நீ என்னா நெனச்சாலும் ஆத்தா மாத்திருவா, நெனப்ப வுட்டுருன்னு. எங்கதையச் சொன்னன். அழுதுட்டு, சரிங்க அண்ணின்னுட்டா."

"கோகிலா, அன்னிக்கு நான் ரெண்டுலயும் வெள்ள வைக்கல" என்றேன். "ஒன்னு வெள்ள, ஒன்னு செவப்பு. பயந்துட்டன். ஆத்தா எதையும் மாத்தல."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரும் அணைக்கவில்லை. திரும்ப அடித்தது.

"இத ஏன்டி எங்கிட்ட சொன்ன?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ரெண்டு தடவ பையத் தூக்கிட்டு வந்தன். ரெண்டு தடவயும் அவ குடுத்ததுன்னுதானடி திரும்பிப் போனன். இப்ப நானு எதப் புடிச்சிக்கறது?"

போனை வைத்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் பூக்கட்டவில்லை. அந்தப் பெண்ணையே கேட்டு, அவள் சொன்ன இடத்திலேயே முடித்தார்களாம். கோகிலாதான் மாமியாரிடம் நின்று பேசினாளாம். எனக்குப் பத்திரிகை வரவில்லை.

இப்போது அந்த ஜவுளிக்கடையில் குடோன் இருந்த மாடி குழந்தைகள் செக்‌ஷன் ஆகிவிட்டது. பாய் கடை இருந்த இடத்தில் ஜூஸ் விற்கிறார்கள். எபிசோடுகள் கேட்காமலே போனில் வந்து விழுகின்றன. ரெண்டு காதிலும் நானே மாட்டிக்கொள்கிறேன், ரெண்டிலும் ஒரே சத்தம்தான் கேட்கிறது.

இந்த ஆடிப் பண்டிகைக்கு கோகிலா வரவில்லை. மாவிளக்கு வரிசையில் முதல் ஆளாக வேறு யாரோ நின்றார்கள். பெரிம்மா தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு தேர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி வெளக்கு எடுக்க மாட்டன்னு சொல்லிட்டா கண்ணு. என்னா ஆச்சு அவளுக்கு? ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

அவர் தட்டிலிருந்த அரளியைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.