புஜைராவில் மூடாமல் விட்ட நான்கு குழிகள்

புஜைராவுக்கு நல்ல வழி எது என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கடலும் மலையும் பார்க்க ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். நான் அங்கே போனது ஒரு குழியைப் பார்க்க. போன மே மாதம், 2007இல், ஒரு செவ்வாய்க்கிழமை. குழிக்கும் கடலுக்கும் சாலை ஒன்றுதான் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

எனக்கு அபுதாபியில் ஒரு காப்பீட்டுத் தரகு அலுவலகத்தில் வேலை. விபத்து நடந்தால், பாலிசி எடுத்தவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது என் பிரிவு. சாகுல் பாய் எங்கள் வாடிக்கையாளர். அதிராம்பட்டினத்துக்காரர். அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் சின்னதாக மண் தோண்டும் கம்பெனி வைத்திருக்கிறார். ஒரு பொக்லைன், மண்ணை அள்ளித் தள்ளும் ஒரு ஷவல் வண்டி, பதினான்கு ஆட்கள், அவ்வளவுதான்.

புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் பகுதியில் குழாய் பதிக்கக் கால்வாய் வெட்டும்போது, அவருடைய பொக்லைனின் வாளி பட்டு மண்ணுக்குள் கிடந்த மின்கேபிள் அறுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்பில் அறுபது பேருக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை, அதுவும் மே மாதத்தில். கேபிள் கம்பெனி முழு நஷ்டத்தையும் சாகுல் பாய் தலையில் கட்டியது. காப்பீடு கைவிட்டால் பொக்லைனை விற்றாக வேண்டும். பொக்லைன் போனால் கம்பெனி இல்லை. பதினான்கு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பகல் பதினொன்றரைக்கு சைட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நிலம் அளக்கும் சர்வேயர் இல்லை, சேதத்தைப் பார்த்து யார் பொறுப்பு என்று அறிக்கை எழுதுகிறவர். நானும் போக வேண்டும். இந்த நாட்டின் ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்ற பெருமை எனக்கு உண்டு என்பதால், சாகுல் பாயின் டபுள் கேபின் பிக்கப்பில் ஏறிக்கொண்டேன்.

காலை 6.40க்கு முசஃபாவில் கிளம்பினோம். எமிரேட்ஸ் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்ததில் தைத் என்ற ஊர் வந்து சேர 9.15 ஆகிவிட்டது. அதுவரை 195 கிலோமீட்டர். அங்கே ஒரு மலையாளி கடையில் இரண்டு பரோட்டா, ஒரு முட்டை ரோஸ்ட், ஒரு டீ, ஐந்து திர்ஹம். பரோட்டா சூடாக இருந்தது. முட்டையைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

சாப்பிடும்போது சாகுல் பாய் தன் ஆட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். இந்த ஊர் வழக்கப்படி, இயந்திரத்தை இறக்குவதற்கு முன் மண்ணுக்கடியில் என்னென்ன போகிறது என்ற வரைபடத்தை வாங்கி, அனுமதிக் கடிதமும் வாங்க வேண்டும். பிறகு வரைபடம் காட்டும் இடத்தில் மண்வெட்டியால் கையாலேயே சோதனைக் குழிகள் தோண்டி, கேபிள் நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததும் எல்லோரும் குழியை மூடிவிடுவார்கள். இவர் மட்டும் மூட விடமாட்டாராம்.

“கொழாய் எறக்கி முடியிற வரைக்கும் குழி தொறந்தே கெடக்கணும் மேடம். சுத்தி வலையக் கட்டு, மேல பலகையப் போடு, ஆனா மூடாதே. எல்லாவனும் கேலி பண்ணுவான், சாகுல் பாய் கெணறு வெட்டுறாருன்னு. பண்ணிட்டுப் போறான்.”

தைத் தாண்டியதும் மலைகள் ஆரம்பிக்கின்றன. ஒரு புல் கூட இல்லாத, சாம்பலும் காவியுமான மலைகள். எனக்கு வளைவுகளில் தலை சுற்றும், ஆகவே அழகைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை. மசாஃபிக்குச் சற்று முன்னால் சாலையோரச் சந்தை. கம்பளம், மண்பானை, பழம் எல்லாம் கிடைக்கும். வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பெயர், எல்லாக் கிழமையும் திறந்திருக்கிறது. கம்பளத்துக்குக் கடைக்காரர் சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள்.

10.05க்கு அங்கே டீக்கு நிறுத்தினோம். கோப்பை ஒரு திர்ஹம். சாகுல் பாய் நிம்மதியாக ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்:

“ஃபோர்மேன் முனியசாமிகிட்ட ஒரு லெட்டர் அனுப்பி வச்சிருக்கேன். பத்தரைக்கு அந்தக் கேபிள் கம்பெனி இன்ஜினியர் கையில குடுத்துருவான். நேத்தே முசஃபால டைப்பிங் சென்டர்ல அடிச்சேன். இந்தாங்க, காப்பி.”

வாங்கிப் படித்தேன். தவறு முழுக்க எங்களுடையது, மன்னிக்க வேண்டுகிறோம், ஆகும் செலவு எல்லாவற்றையும் நாங்களே ஏற்கிறோம் என்று மூன்றே வரி. கீழே கையெழுத்தும் முத்திரையும் பளிச்சென்று இருந்தன. டீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“பாய், இத எழுதச் சொன்னது யாரு?”

“யாரு சொல்லணும்? நம்ம வாளி பட்டுத்தானே கரண்டு போச்சு? அறுவது பேரு ரெண்டு நாளா வெந்துருக்கான் மேடம். நானும் முசஃபா கேம்ப்ல ஏசி இல்லாம கெடந்தவன்தான். தப்பு நம்மள்துன்னு ஒத்துக்கிட்டா மனசு ஆறும்ல?”

“உங்க மனசு ஆறும். பாலிசி செத்துப்போயிரும்!”

சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் செய்தது அயோக்கியத்தனம் இல்லை, மரியாதை. நம் ஆட்கள்தான் இந்தத் தவறைச் செய்வார்கள். இடித்துவிட்டால் முதலில் கையைக் கூப்பிவிடுவோம், யார் யாரை இடித்தது என்று அப்புறம்தான் யோசிப்போம். ஆனால் அடுத்தவர் சொத்துக்கு நேரும் சேதத்துக்காக எடுக்கும் பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மீறினால் அவர்கள் விலகிக்கொள்ளலாம். இதைப் பொறுமையாகச் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

முனியசாமியைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. எண்ணெய்ப் பகுதிக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். “யா அல்லாஹ்” என்று சாகுல் பாய் வண்டியைக் கிளப்பினார். அதன் பிறகு சிக்னலும் வந்து வந்து போனது. 10.30 ஆனபோது நாங்கள் இன்னும் மலைக்குள்தான் இருந்தோம். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

புஜைரா ஊர் வந்ததும் கடல் தெரியும் என்றார்கள். தெரிந்தது. நான் பார்க்கவில்லை. 10.55க்கு வாசலை அடைந்தோம். பிக்கப்பின் மீட்டரில் 268 கிலோமீட்டர்.

வாசலில் அவசரம் செல்லாது. அனுமதிச் சீட்டு, பிறகு இருபது நிமிடப் பாதுகாப்பு வீடியோ, அதுவும் இந்தியில். எனக்குக் கொடுத்த இரும்பு மூக்கு ஷூவில் என் இரண்டு காலையும் ஒன்றாக நுழைக்கலாம். தலையில் ஹெல்மெட்டோடு, வாத்து மாதிரி நடந்து நான் கால்வாயை அடைந்தபோது மணி 11.25.

அங்கே கண்டதை நான் மறக்கமாட்டேன். கால்வாய்க்குப் பக்கத்தில் வரிசையாக நான்கு சோதனைக் குழிகள். கடைசிக் குழியின் விளிம்பில், கால்களை உள்ளே தொங்கவிட்டபடி முனியசாமி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே வேறொரு கம்பெனியின் ஷவல் உறுமிக்கொண்டு நின்றது. எங்களைக் கண்டதும் எழுந்து, சட்டைப் பையிலிருந்து வியர்வையில் நனைந்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“பாய், கோச்சுக்காதீக. லெட்டரு குடுக்கப் போகல. காலையில ஏழு மணிக்கே வேற கம்பெனிக்காரய்ங்க, வண்டி போக வழி வேணும், குழிய மூடணும்னு ஷவலக் கொண்டாந்துட்டாய்ங்க. நீங்க பாக்காம மூடவுடக் கூடாதுன்னு சொல்லியிருக்கீகள்ல? நான் எந்திரிச்சா மூடிருவாய்ங்க. அதான் உக்காந்துட்டேன். இப்ப போயிக் குடுத்துட்டு வந்துரவா?”

“வேணாம்!” என்று நானும் சாகுல் பாயும் ஒரே குரலில் கத்தினோம். கடிதத்தை நான் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சாகுல் பாய் முனியசாமியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை வெயிலின் மேல் போட்டேன்.

சர்வேயர் அதிகம் பேசாத மலையாளி. அவர் செய்தது இவ்வளவுதான். நான்கு குழியிலும் இறங்கிப் பார்த்தார். நான்கிலும் கேபிள் வரைபடம் சொன்ன இடத்திலேயே இருந்தது. மூன்றாவது குழியிலிருந்து நான்காவது குழிக்குக் கேபிளின் மேலாக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டச் சொன்னார். அறுந்த இடம் அந்தக் கயிற்றிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, கால்வாய்க்குள் இருந்தது. யாரோ எப்போதோ மிச்சக் கேபிளை அங்கே ஒரு வளைவாகப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது வரைபடத்தில் இல்லை. கேபிளுக்கு மேல் பதிக்கும் எச்சரிக்கை நாடாவும் இல்லை, காப்பு ஓடும் இல்லை. குழிகளை மூடியிருந்தால் இதற்குச் சாட்சியே இருந்திருக்காது.

அவர் கயிற்றைச் சுருட்டியபடி, “குழிய மூடாம வச்சது யாரு?” என்று கேட்டார். சாகுல் பாயும் முனியசாமியும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.

திரும்பும் வழியில் கேம்ப்புக்குப் போக வேண்டும் என்று சாகுல் பாய் அடம்பிடித்தார். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையில் சம்மதித்தேன். அவர் பத்து தர்பூசணிகளை இறக்கிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊமை மாதிரி நின்றார். எதற்கு இந்தப் பழம் என்று ஆறு மொழிகளில் கேட்டார்கள். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி, போகப் போகிறவர்களுக்கு. போக வர பெட்ரோல் எங்களுக்கு 80 திர்ஹம் ஆனது. வண்டி இல்லாதவர்கள் துபாயிலிருந்து சீட்டுக்கு 25 திர்ஹம் கொடுத்துப் பங்கு டாக்ஸியில் போகலாம். மே மாதம் வேண்டாம், நவம்பருக்குப் பிறகு போங்கள். மலைக்குள் போன் எடுக்காது, ஆகவே சொல்ல வேண்டியதைத் தைதிலேயே சொல்லிவிடுங்கள். மண் தோண்டும் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பாலிசியில் பூமிக்கடியில் போகும் கேபிள், குழாய் பற்றிய பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழைய தேதியிட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு வாளியை இறக்காதீர்கள். குழிக்குள் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். ஏதாவது அறுந்துவிட்டால் முதலில் அடிபட்டவரைப் பாருங்கள், அடுத்து தரகருக்குப் போன் செய்யுங்கள். கடிதம் எழுதுவதை எங்களிடம் விட்டுவிடுங்கள். நடந்ததற்கு வருந்துகிறோம் என்று எழுதலாம், தவறு எங்களுடையது என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொக்லைனும் பதினான்கு விசாக்களும் நிற்கின்றன.

நேற்று முடிவு வந்தது. சர்வேயரின் அறிக்கையைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனமே பதில் எழுதியது. கேபிள் கம்பெனி தன் கோரிக்கையை விலக்கிக்கொண்டது. சாகுல் பாய் மேல் பழி இல்லை என்று போனில் சொன்னேன்.  மறுமுனையில் பொக்லைன் ஓடிக்கொண்டிருப்பது கேட்டது.

“அப்ப தங்கச்சி,” என்றார், “வர்ற வெள்ளிக்கிழமை அந்தக் கேம்ப்புக்குப் போறேன். இப்ப வாயத் தொறந்து மன்னிப்புக் கேட்டுக்கலாம்ல?”