கோட்டுக்கு முன்னால் விட்ட இடைவெளி

என் மனைவிக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. நேராகப் பார்த்தால் நடுவில் புகை மண்டினாற்போல் இருக்கிறது என்பாள். பெரிதாக, வெளிச்சமாக இருப்பது மட்டும் தெரியும். வரும் கார்த்திகை தாண்டி, அதற்கடுத்த கார்த்திகைக்குள் அதுவும் போய்விடும் என்று கண் டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார். கதவு திறந்துதான் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம்.

கீழ்பென்னாத்தூரில் பிறந்து திருவண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டவள், அர்த்தநாரீஸ்வரரைப் பார்த்ததே இல்லை. மலையில் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வருவார். இரண்டு நிமிடம் ஆடிவிட்டு உள்ளே போய்விடுவார். அப்புறம் அடுத்த வருடம்தான். அந்தக் கூட்டத்தில் நல்ல கண் உள்ளவனுக்கே முன்னால் நிற்பவன் முதுகுதான் தரிசனம்.

"ஒரு தடவ பாத்துட்டா போதுங்க. அப்பால இருட்டா இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றாள்.

நான் டிவி மெக்கானிக். உள்ளூர் கேபிளில் நேரடியாகக் காட்டுவார்கள். ஆனால் டிவி அளவு படம் அவளுக்குத் தெரியாது. சுவர் முழுக்கக் காட்டினால் தெரியும். ஆசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன புரொஜெக்டர் என் கடையில் கிடந்தது. அதில் வீடியோ கொடுக்கும் துளை செத்துப்போய், கம்ப்யூட்டர் துளை மட்டும் வேலை செய்தது. ஆகவே சென்னையில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு போர்டு வாங்கிவந்தேன். முழுக் கம்ப்யூட்டரும் உள்ளங்கை அகலப் பலகை ஒன்றில் அடக்கம். கேபிள் படத்தை அதற்குள் விட்டு, அங்கிருந்து புரொஜெக்டருக்கு அனுப்புவது என் திட்டம்.

டிவி என்றால் படம் உருண்டால் குமிழைத் திருகுவேன், நிற்கும். இந்தப் போர்டில் குமிழ் கிடையாது, எண்கள்தான். திரையில் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத்தான் வரையப்படும். ஒரு கோடு எவ்வளவு நீளம், கோடு தொடங்குமுன் எவ்வளவு இடைவெளி, முடிந்தபின் எவ்வளவு, ஒரு படத்துக்கு எத்தனை கோடு என்று எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டும். ஒன்று ஜாஸ்தியானாலும் கம்மியானாலும் புரொஜெக்டர் நீலத் திரையைக் காட்டிவிட்டு ஊமையாகிவிடும். பதினைந்து நாள் அந்த நீலத்தோடு மல்லுக்கட்டினேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் படம் நின்றது. சோதித்துப் பார்க்க நான் போட்டது இரவில் எரியும் மலைத் தீபத்தின் போட்டோ. சுற்றிலும் கருப்பு, மையத்தில் சுடர். சுடர் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளித் தெரிந்தது. எண்ணைத் திருத்த வேண்டிய இடம் அது. மெக்கானிக் புத்தி, புரொஜெக்டரையே நகர்த்திச் சுடரைச் சுவரின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். கோட்டுக்கு முன்னால் விட்ட இடைவெளி அதிகமாகிப் படத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்ததை அந்தக் கருப்பு எனக்குக் காட்டவில்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தெரியுதுங்க! நல்லாவே தெரியுது!" என்று சுவரைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தீபத்தன்று மதியத்திலிருந்தே கேபிள் படம் சுவரில் ஓடியது. வெறும் கூட்டம். கூட்டத்தில் எது வெட்டுப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? அவள் விரதம். மலையில் தீபம் ஏறியதும் ஏற்றுவதற்காக அகல்களை எண்ணெய் ஊற்றித் தயாராக வைத்துவிட்டுச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு மணிக்குச் சற்று முன் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்தார். கேமரா பக்கத்தில் போய் அவரை வலது ஓரமாகப் பிடித்தது. சுவரில் பெரிதாகச் சிவன் பாதி. அம்மன் பாதி இருக்க வேண்டிய இடத்தில் படமே முடிந்துவிட்டது.

"அம்மன் எங்கங்க?" என்றாள்.

"இரு, இரு, ஒரு நிமிஷம்" என்று விசைப்பலகைக்குப் பாய்ந்தேன். இடைவெளியைக் குறைத்துப் போட்டேன். அவசரத்தில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்க வேண்டும். நீலத் திரை. மறுபடி போட்டேன். புரொஜெக்டர் ஆற அமர சிக்னலைத் தேடியது. வெளியே ஊரே அரோகரா என்று அலறியது, வெடி வெடித்தது. படம் வந்தபோது ஓரம் வெட்டுப்படாமல், அளவு பிசகாமல், மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே போய்விட்டிருந்தார்.

எட்டு மணிக்குக் கேபிளில் மறுபடி போடுவார்கள் என்றேன். "மறுபடி போட்டா அது படங்க. சாமி அப்பவே போயிடுச்சு" என்று அகல்களை ஏற்றப் போனாள். திரியைத் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தாள்.

நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"எதுக்குங்க மாத்தப் போனீங்க?"

"பாதிதானே தெரிஞ்சுது?"

"பாதியே போதும்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீலமாயிடுச்சு."

அடுத்த கார்த்திகைக்குச் சரியான எண்களோடு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவளுக்குச் சுவரே தெரியவில்லை.