கை அள்ளும் சராசரி

புள்ளியியலை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் காலேஜில் சேர்ந்தபோது, கணிதத்தோடு துணைப்பாடமாக அதுவும் தொற்றிக்கொண்டு வந்தது. முதல் வாரம் சார் ஒரு நாணயத்தைச் சுண்டி, தலை விழுவதற்கு நிகழ்தகவு பாதி என்றார். சரி. மூன்று தடவை தொடர்ந்து பூ விழுந்தாலும் நாலாவது தடவையும் அதே பாதிதான், நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது என்றார். அதுவும் சரி. அடுத்த வாரம் கரும்பலகையில் ஒரு மேட்டை வரைந்தார். நூறு நூறு தடவையாகச் சுண்டி, ஒவ்வொரு நூறிலும் எத்தனை தலை என்று குறித்துக்கொண்டே போனால், பெரும்பாலும் பாதிக்குப் பக்கத்தில்தான் குவியும், ஓரங்களில் கொஞ்சம்தான் விழும், இயல்நிலைப் பரவல் என்பது இந்த மேடுதான் என்றார். அங்கேதான் எனக்கு மண்டை காய்ந்தது. ஞாபகமே இல்லாத நாணயம் எப்படிப் பாதியைத் தேடி வந்து சேரும்? முன்னால் விழுந்த பூவையெல்லாம் யார் சரிக்கட்டுகிறார்கள்? பக்கத்து பெஞ்சுக்காரனிடம் கேட்டேன். அவனுக்குப் பரீட்சைக்கு வருமா வராதா என்பது மட்டும்தான் கவலை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா கயத்தாற்றிலிருந்து நாலாவது பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் மூன்றும் பெண். மூன்று பேரையும் கூட்டிக்கொண்டே வந்தாள். அனுப்பும்போது அவள் மாமியார், ஆண் பிள்ளையோடு வந்தால் வா, இல்லாவிட்டால் அங்கேயே இருந்துகொள் என்று சொல்லியிருக்கிறாள். அத்தானுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தும் வைத்தாயிற்றாம். அத்தான் வாயைத் திறக்கவில்லை. அந்த மனுஷனை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

நான் நிகழ்தகவு படிக்கிறேன் என்று தெரிந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை என்ன பிறக்கும் என்று உன் புஸ்தகம் சொல்லுமா என்றாள். நானும் பெரிய மேதாவி மாதிரி, பாதி என்றேன்.

"பாதின்னா என்னலே அர்த்தம்? ஒண்ணு அங்கன இருப்பேன், இல்லாட்டி இங்கன கெடப்பேன். பாதியா எங்கன இருக்கது?"

சாரிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அக்கா வந்ததிலிருந்து சும்மா இருக்கவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில், எங்கள் ஊரில் ஆபீஸ் என்று சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெட்டி அடைக்கப் போனாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் செய்த வேலைதான். குச்சிகளை எண்ணிப் போட மாட்டார்கள். ஒரு கைப்பிடி அள்ளி, பெட்டிக்குள் தள்ளி, மூடிவிட வேண்டியதுதான். சார் எங்களை ஏதாவது எண்ணிக்கொண்டு வந்து படம் போடச் சொன்னபோது, அக்கா ஆபீஸ் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு, அவள் அடைத்த பெட்டிகளையே ஒரு நாள் இரவல் வாங்கி வந்தாள். நான் பிரித்துப் பிரித்து எண்ணினேன். அவளுடைய மக்கள் மூன்று பேரும் எண்ணிய குச்சிகளை எண்ணாததோடு கலந்துவிட்டு என்னிடம் திட்டு வாங்கினார்கள். கடைசியில் வரைபடத் தாளில் சார் போட்ட மேடு அப்படியே வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அள்ளிய கைப்பிடியில் இவ்வளவு ஒழுங்கா! எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அக்காவுக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மூணு பொட்டி கொறைச்சலா விழுந்துட்டா, கணக்குப்பிள்ள வைவாரேன்னு நாலாவது பொட்டிக்குக் கை தானா நெறைய அள்ளும்லா. சாமி கையும் அப்படித்தானலே இருக்கும்?"

தூக்கிவாரிப்போட்டது. நான் வாரக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு இவள் பதில் வைத்திருக்கிறாள். கைக்கு ஞாபகம் இருக்கிறது, அதனால் சரிக்கட்டுகிறது. ஆனால் நாணயத்துக்குக் கை ஏது? பிள்ளை பிறப்பது பெட்டி அடைப்பது மாதிரியா, நாணயம் சுண்டுவது மாதிரியா? அக்கா சொல்வதே நிஜமாக இருக்கட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் வெட்கத்தை விட்டு சாரிடமே கேட்டேன். வீட்டுக் கதையைச் சொல்லவில்லை, நாணயம் என்றுதான் கேட்டேன். யாரும் எதையும் சரிக்கட்டுவதில்லை, முன்னால் கூடுதலாக விழுந்தது அப்படியேதான் இருக்கும், ஆயிரக்கணக்கில் சுண்டும்போது அந்தக் கூட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும், அவ்வளவுதான் என்றார். அட போங்கய்யா என்று இருந்தது. ஆயிரத்தில் கரையலாம். எங்கள் அக்காவுக்கு இருந்தது மூன்று. நாலாவதில் என்னத்தைக் கரைப்பது?

வீட்டுக்கு வந்து, சாமி கைக்கும் ஞாபகம் கிடையாதாம், இந்தத் தடவையும் பாதிதானாம் என்று சொல்லிவிட்டேன். பொய்யாக நம்பிக்கை கொடுக்க மனசு வரவில்லை. அக்கா கோபப்படவில்லை. ஒங்க சாரு ஒருநாளும் பொட்டி அடைச்சிருக்க மாட்டாரு என்று சிரித்தாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள் என்று அம்மா சொன்னாள்.

பிறந்தது ஆண்.

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குழப்பம் மட்டும் இரண்டு மடங்கானது. தப்பான கணக்குப் போட்டவளுக்கு விடை சரியாக வந்திருந்தது. சரியான கணக்குப் போட்ட நான், எது பிறந்திருந்தாலும் இதே மாதிரி முழித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன். பாதி என்று சொன்னவனை எந்தப் பிள்ளையும் பொய்யனாக்க முடியாது. அப்படி ஒரு பதிலால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அக்காவின் மாமியார் வந்தாள். கயத்தாற்றிலிருந்து நேராக வராமல், போளிக்குப் பேர்போன கடம்பூரைச் சுற்றி அதை வாங்கிக்கொண்டு, அத்தானையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். வாயெல்லாம் பல்லாக இருந்தது. பெண் பார்த்து வைத்த பேச்சே நடக்காதது போல, எம்மருமவ ராசாத்தி என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பேரனைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லிப் போளிப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். நான் நகரப் போனேன். அக்கா படுத்தபடியே என் சட்டையைப் பிடித்தாள். கட்டிலுக்குக் கீழே ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் மூன்று மக்களைக் காட்டினாள்.

"மொதல்ல இதுகளுக்குக் குடுலே. இதுக பொறந்தன்னைக்கு ஒருத்தரும் ஒண்ணும் வாங்கிட்டு வரல."

நான் குனிந்து பொட்டலத்தைப் பிரித்தேன்.